பேச வைத்தே நோய் தீர்த்த கல்கத்தா டாக்டர்

கல்கத்தாவில் பார்சி பகான் சந்து என்று ஒரு சந்து இருக்கிறது. அதில் 14-ம் நம்பர் வீடு. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு அந்த வீட்டைத் தேடி நோயாளிகள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்களில் பலருக்குக் காய்ச்சல் கிடையாது. இருமல் கிடையாது. உடம்பில் காயமும் கிடையாது. ஆனாலும் அவர்கள் நோயாளிகள்தான். காரணம் தெரியாத பயம், ராத்திரி முழுவதும் தூக்கம் இல்லாமை, கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தாலும் தீராத சந்தேகம், வாழ்ந்து என்ன பயன் என்ற சலிப்பு. இப்படிப்பட்ட கோளாறுகள்.

உள்ளே ஒரு சாய்வு நாற்காலி. நோயாளி அதில் சாய்ந்துகொள்வார். டாக்டர் அவருடைய கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்துகொள்வார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்த வங்காளி டாக்டர். மருந்துச் சீட்டு எழுத மாட்டார். மனதில் என்ன தோன்றுகிறதோ அதை மறைக்காமல், ஒழுங்குபடுத்தாமல் சொல்லும்படி கேட்டுக்கொள்வார். நோயாளி பேசுவார். டாக்டர் கேட்டுக்கொண்டிருப்பார். நேரம் முடிந்ததும் நோயாளி எழுந்து போய்விடுவார். மறுபடியும் வருவார். மறுபடியும் பேச்சுதான்.

இதற்குப் பெயர் வைத்தியமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். அந்த டாக்டரின் பெயர் கிரீந்திரசேகர் போஸ். பேச்சையே மருந்தாகக் கொடுக்கலாம் என்பதை இந்திய மண்ணில் நிலைநாட்டியவர் அவர்.

திவான் வீட்டுப் பிள்ளை

கிரீந்திரசேகர் 1887-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பீகாரில் உள்ள தர்பங்காவில் பிறந்தார். தந்தை சந்திரசேகர் போஸ், தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். வேதாந்தத்தில் ஈடுபாடு கொண்டவர். குடும்பத்தில் 9 குழந்தைகள். கிரீந்திரசேகர்தான் கடைக்குட்டி.

அண்ணன்மாரில் ஒருவர் ராஜசேகர் போஸ். வங்காளிகளிடம் பரசுராம் என்று சொன்னால் முகம் மலரும். அந்தப் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். பெங்கால் கெமிக்கல் கம்பெனியில் பெரிய பொறுப்பு வகித்த ரசாயன நிபுணரும் அவரே. வங்காளி வீடுகளில் புழங்கும் சலந்திகா என்ற அகராதியும் அவர் செய்ததுதான். தம்பியின் கதையில் இந்த அண்ணனுக்கு முக்கியமான ஓர் இடம் உண்டு. அது பின்னால் வரும்.

கிரீந்திரசேகர் கல்கத்தாவில் மாநிலக் கல்லூரியிலும், பிறகு மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். 1910-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

மாணவராக இருந்தபோதே அவருக்கு இரண்டு விஷயங்களில் மோகம். ஒன்று மாஜிக் வித்தை. மற்றொன்று ஹிப்னாடிசம் என்னும் மனோவசியம். ஒரு மனிதனைக் கண்ணைத் திறந்திருக்கும்போதே ஏமாற்ற முடிகிறது. பேச்சினாலேயே தூங்க வைக்க முடிகிறது. அப்படியானால் மனசு என்பது என்ன சரக்கு? இந்தக் கேள்விதான் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

சாதாரண டாக்டராகத் தொழிலைத் தொடங்கினார். நல்ல பெயர், நல்ல வருமானம். கல்கத்தாவில் கைராசிக்கார டாக்டர் என்ற பெயரோடு அப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் மனக்கோளாறு உள்ளவர்கள் வந்தபோது அவருடைய பையில் இருந்த மருந்து எதுவும் வேலை செய்யவில்லை. முதலில் மனோவசியத்தைப் பயன்படுத்தினார். பிறகு, நோயாளியைத் தூங்க வைப்பதைவிட விழித்த நிலையில் பேச வைப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தார்.

அதே சமயம் ஐரோப்பாவில் வியன்னா நகரத்தில் சிக்மண்ட் பிராய்டு என்ற டாக்டரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய நூல்கள் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய காலம் அது. கிடைத்ததையெல்லாம் கிரீந்திரசேகர் படித்தார். ஐரோப்பாவில் இந்த வைத்தியம் கற்க விரும்பினால், முதலில் தேர்ந்த ஒருவரிடம் தானே நோயாளியைப்போல் படுத்துத் தன் மனதைத் திறந்து காட்ட வேண்டும் என்ற முறை ஏற்பட்டது. கல்கத்தாவில் அப்படிப்பட்ட ஆசான் யாரும் இல்லை. கிரீந்திரசேகர் தன்னைத்தானே சோதித்து, தானே கற்றுக்கொண்டார். துரோணர் சிலை கூட இல்லாத ஏகலைவன் என்று சொல்லலாம்.

டாக்டர் மறுபடியும் மாணவர்

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத்துக்குத் தனித் துறை ஏற்பட்டதும், தொழில் நடத்திக்கொண்டிருந்த இந்த டாக்டர் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். வயது 30 ஆகும்போது, 1917-ல், எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். அங்கேயே பாடமும் நடத்தினார். 1921-ல் டி.எஸ்சி. பட்டம். அதற்காக அவர் எழுதிய ஆராய்ச்சி நூலின் பொருள், ஆசைகளை மனதுக்குள் அமுக்குவது எப்படி நடக்கிறது என்பது.

இந்த அமுக்குதல்தான் பேச்சு வைத்தியத்தின் அஸ்திவாரம். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நமக்கு எத்தனையோ ஆசைகள் வருகின்றன. கோபங்கள் வருகின்றன. அவற்றில் பலவற்றை வெளியே சொல்ல முடியாது. சிலவற்றை நமக்கு நாமே ஒப்புக்கொள்ளவும் முடியாது. பெற்ற தகப்பன்மீது கோபம். கூடப் பிறந்தவன்மீது பொறாமை. இதையெல்லாம் நினைப்பதே பாவம் என்று மனசு மூடி போட்டுவிடுகிறது. கொஞ்ச நாளில், அப்படி ஒரு நினைப்பு இருந்ததே மறந்துபோகிறது.

ஆனால் மறந்ததால் அது அழிந்துவிடுவதில்லை. உலை கொதிக்கும்போது மூடியை இறுக்கினால் என்ன ஆகும்? ஆவி வேறு சந்து தேடும். அதுபோல அமுங்கிய நினைப்பு வேறு வேஷத்தில் வருகிறது. காரணமில்லாத நெஞ்சுப் படபடப்பாக வரலாம். டாக்டர் எவ்வளவு சோதித்தாலும் கோளாறு தெரியாத கைவலியாக வரலாம். கெட்ட கனவாக வரலாம். நோயாளிக்கு வேதனை தெரிகிறது. வேர் தெரிவதில்லை.

வாய்விட்டுப் பேசப் பேச, அந்த வேர் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு வருகிறது. பெயர் தெரியாத பயம் பெயர் உள்ள பயமாக மாறுகிறது. பெயர் தெரிந்துவிட்டால் அதோடு மல்லுக்கு நிற்க முடியும்.

வீட்டிலும்தான் பேசுகிறோம், சிநேகிதர்களிடம் சொல்லி அழுகிறோம், அது போதாதா என்று கேட்கலாம். அதனால் ஆறுதல் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் வீட்டார் கேட்டவுடன் புத்தி சொல்லத் தொடங்குவார்கள். கவலைப்படாதே என்பார்கள். அல்லது அவர்களே அழுவார்கள். ஊரில் இருக்கிற தாயாரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று யோசிக்காத பிள்ளை உண்டா? வைத்தியரிடம் அந்தத் தடை இல்லை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேலி செய்ய மாட்டார். சொன்னதை வெளியே சொல்ல மாட்டார். அவசரப்பட்டு யோசனையும் சொல்ல மாட்டார். பயிற்சி பெற்ற காது என்பது அதுதான்.

எதிர் ஆசை

கிரீந்திரசேகர் பிராய்டின் சீடராக மட்டும் நின்றுவிடவில்லை. சொந்தமாக ஒரு கொள்கையும் கண்டார். ஒவ்வோர் ஆசைக்கும் நேர் எதிரான ஓர் ஆசை மனதின் அடியில் இருக்கிறது என்பது அந்தக் கொள்கை. அடிக்க வேண்டும் என்ற ஆசையின் அடியில் அடிபட வேண்டும் என்ற ஆசை. ஆள வேண்டும் என்பதன் அடியில் அடங்க வேண்டும் என்பது. மேலே இருப்பது நமக்குத் தெரிகிறது. அடியில் இருப்பது தெரிவதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது மனக்கோளாறு பிறக்கிறது என்றார் அவர்.

இதை வைத்து ஒரு சிகிச்சை முறையும் வகுத்தார். குழந்தைகள் ஆடும் ஏற்றப்பலகையைப்போல, நோயாளியின் மனதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோவது.

புரிவதற்காக நாமே ஓர் உதாரணம் சொல்லலாம். ஒரு குமாஸ்தா. மேலதிகாரி கூப்பிட்டாலே கை நடுங்குகிறது. இரவில் அவர் முகம் கனவில் வருகிறது. கிரீந்திரசேகரின் முறைப்படி, அந்தக் குமாஸ்தா அதிகாரியின் நாற்காலியில் தானே உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். எதிரே ஒருவன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அவனைப் பார்த்து என்ன தோன்றுகிறது? சொல்ல வேண்டும். பிறகு மறுபடியும் தன் இடத்துக்கு வர வேண்டும். இப்படி மாறி மாறிச் செய்யும்போது, அதிகாரிமேல் இருந்த பயத்தோடு சேர்ந்து, அவரைப்போல மற்றவர்களை அதட்ட வேண்டும் என்ற ஆசையும் தனக்குள் இருப்பது தெரியவரும். அது தெரிந்ததும் அதிகாரி பூதமாகத் தெரிய மாட்டார். மனிதராகத் தெரிவார்.

எல்லாரும் இந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பிராய்டுக்கே இதில் சந்தேகம் இருந்தது. இன்றைய மனநல மருத்துவர்களும் எதிர் ஆசைக் கொள்கையைக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் மற்றவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் யுக்தி, வேறு பெயர்களில் உலகத்தின் பல இடங்களில் இன்றும் கையாளப்படுகிறது.

பார்க்காமலே பழகியவர்கள்

தன் ஆராய்ச்சி நூலைக் கிரீந்திரசேகர் வியன்னாவுக்குத் தபாலில் அனுப்பினார். பிராய்டு 1921-ல் பதில் எழுதினார். அவ்வளவு தூரத்தில் உள்ள நாட்டில் தன் வைத்தியத்துக்கு இத்தனை மதிப்பா என்று அவருக்கு வியப்பு. அதிலிருந்து இருவருக்கும் பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடந்தது. நேரில் சந்தித்ததே இல்லை.

பிராய்டின் படத்தைக்கூட அப்போது கிரீந்திரசேகர் பார்த்ததில்லை. ஜதீந்திர குமார் சென் என்ற ஓவியர், அண்ணன் பரசுராமின் கதைகளுக்குப் படம் போடுகிறவர். பிராய்டு எப்படி இருப்பார் என்று கற்பனையாக ஒரு படம் வரையச் சொல்லி, அதைப் பிராய்டுக்கே அனுப்பிவைத்தார் கிரீந்திரசேகர்! அந்தப் படத்தில் தான் அசல் ஆங்கிலேயரைப்போல இருப்பதாகப் பிராய்டு தன் சிநேகிதி ஒருவருக்கு வேடிக்கையாக எழுதினார். வெள்ளைக்காரர் ஆட்சியில் வாழ்ந்த வங்காளி ஓவியருக்கு, மேல்நாட்டு மேதை என்றதும் வெள்ளைக்கார துரையின் முகம்தான் தோன்றியிருக்கிறது. இதுவும் மனோதத்துவம்தான்.

1922-ல் இந்திய மனப்பகுப்புச் சங்கம் உதயமாயிற்று. பார்சி பகான் வீட்டிலேயே அலுவலகம். ஆரம்ப உறுப்பினர்கள் 15 பேர். பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்களும் டாக்டர்களும். ராஞ்சியில் வெள்ளையர்களுக்கான மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்த பெர்க்லி ஹில் என்ற ஆங்கிலேயரும் இதில் சேர்ந்தார். கிரீந்திரசேகர்தான் தலைவர். சாகும்வரை அவரே தலைவர். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இந்தியர் தலைமையின்கீழ் உறுப்பினராக உட்கார்ந்திருப்பது 1922-ல் சாதாரணக் காட்சி அல்ல.

1931-ல் பிராய்டுக்கு 75 வயது நிறைந்தது. கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று பரிசாகப் போயிற்று. பிராய்டு அதைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். சில காலத்தில் தந்தத்தில் விரிசல் கண்டது. கல்கத்தா வெயிலுக்குப் பழகிய கடவுளுக்கு வியன்னா குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவர் தமாஷாகக் குறித்து வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஓர் அறை

கடிதமும் சங்கமும் இருக்கட்டும். ஏழை நோயாளிக்கு வழி என்ன?

அக்காலத்தில் மனநோய் என்றால் பூட்டு, சங்கிலி, உயர்ந்த மதில். அவ்வளவுதான். அப்போது அமலில் இருந்த சட்டத்தின் பெயரே 1912-ம் ஆண்டு இந்தியப் பைத்தியக்காரச் சட்டம். ஜனத்தொகை 40 கோடியை நெருங்கிய தேசத்தில், சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு போர் கமிட்டி கொடுத்த கணக்குப்படி, மனநோயாளிகளுக்கு இருந்த படுக்கைகள் ஏறக்குறைய 10 ஆயிரம்தான்.

பைத்தியம் முற்றியவர்களுக்காவது அந்த மதில் இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே, குடும்பம் நடத்திக்கொண்டே உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தவர்களுக்குப் போக இடமே இல்லை. மனநோய் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றும், வடக்கே ராஞ்சி, ஆக்ரா என்றும் சொல்லிச் சிரிக்கிற வழக்கம் இன்னும் முழுக்கப் போய்விட்டதா என்ன?

கிரீந்திரசேகர் ஒரு வழி கண்டார். காய்ச்சலுக்கும் கட்டிக்கும் ஜனங்கள் வந்து போகிற சாதாரண ஆஸ்பத்திரியிலேயே மனக்கோளாறுக்கும் ஒரு பிரிவு வைத்துவிட்டால்? வரிசையில் நிற்பவர்களில் யார் எதற்கு வந்தார் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

1933-ம் ஆண்டு மே மாதம் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு திறக்கப்பட்டது. பொது ஆஸ்பத்திரியில் மனநோய்க்கான வெளிநோயாளர் பிரிவு இந்தியாவில் இதுவே முதல். இப்போது ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்படுவது அந்தக் கல்லூரிதான். 1938-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் மசானி இதேபோல ஒன்றைத் தொடங்கினார். இன்று அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு என்று பலகை தொங்குவதைப் பார்க்கிறோம். அந்தப் பலகைக்கு மூத்தது 1933-ல் கல்கத்தாவில் மாட்டிய பலகை.

தாய்மொழி

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிய கிரீந்திரசேகர், வங்காளத்தில் ஏராளமாக எழுதினார். கனவுகளைப்பற்றி அவர் எழுதிய ஸ்வப்ன என்ற வங்காளி நூல் 1928-ல் வெளிவந்தது. மனோதத்துவச் சொற்களுக்கு வங்காளிச் சொற்கள் உண்டாக்கினார். புராணங்களைப்பற்றி எழுதினார். கீதைக்கு விளக்கம் எழுதினார். சிவப்பு எறும்புக்கும் கறுப்பு எறும்புக்கும் நடக்கும் சண்டையைக் கதையாக்கிக் குழந்தைகளுக்கும் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் 1929 முதல் மனோதத்துவத் துறைக்குத் தலைவர். அத்தனை வேலைக்கு நடுவில் இவ்வளவும்.

பேச்சு வைத்தியத்துக்குத் தாய்மொழி முக்கியம் என்பதை நம்மைப்போல வெளி மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடையில் சாமான் வாங்கவும் ஆபீசில் வேலை பார்க்கவும் பிறமொழி போதும். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பதைச் சொல்ல அது போதாது. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்பதை இன்னொரு மொழியில் எப்படிச் சொல்வது? மொழி தெரியாத ஊரில் தனி அறையில் குடியிருப்பவர் வயிற்றுவலி என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வலி வயிற்றில் இல்லை.

அண்ணன் கொடுத்த இடம்

1940-ல் கல்கத்தாவின் தில்ஜலா பகுதியில் லும்பினி பார்க் மனநல ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. இடம் கொடுத்தவர் அண்ணன் ராஜசேகர். தொடங்கும்போது மொத்தமே மூன்று படுக்கைகள்! புத்தர் பிறந்த தலத்தின் பெயரை வைத்தார்கள். கிரீந்திரசேகரின் சீடர் தருண் சந்திர சின்கா இதை வளர்ப்பதில் பெரும்பங்கு எடுத்துக்கொண்டார்.

இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளில் ஒருவரை வங்காளமே அறியும். புரட்சிக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம்.

நஸ்ருல் பாட்டெழுதி வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். ஆயிரக்கணக்கில் பாடல் புனைந்தவர். 1942-ம் ஆண்டு மத்தியில், 43 வயதில், அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. நினைவும் தடுமாறியது. சில மாதங்களில் பேச்சே நின்றுவிட்டது. மனைவி பிரமீளா ஏற்கெனவே பக்கவாதத்தில் படுத்திருந்தவர். பல வைத்தியம் பார்த்துப் பயனின்றி, நஸ்ருலை லும்பினி பார்க்கில் சேர்த்தார்கள்.

நோயாளியைப் பேச வைத்துக் குணப்படுத்தும் இடத்துக்கு, பேச்சை இழந்த கவிஞர் வந்து சேர்ந்தார். சுமார் நான்கு மாதம் அங்கே இருந்தார். குணம் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பினார்.

தோல்வி யாருடையது? பதில் 11 ஆண்டு கழித்து வந்தது. அன்பர்கள் பணம் திரட்டி நஸ்ருலை லண்டனுக்கும் வியன்னாவுக்கும் அழைத்துப் போனார்கள். 1953-ம் ஆண்டு இறுதியில், பிராய்டு வாழ்ந்த அதே வியன்னாவில், டாக்டர்கள் சோதித்து முடிவு சொன்னார்கள். மூளையின் ஒரு பகுதியே சுருங்கி அழிந்துகொண்டுபோகும் பிக் நோய் என்பது அவர்கள் கண்டது. அமுங்கிய ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தப் பேச்சும் அதைத் தடுத்திருக்க முடியாது. மருந்தும் கிடையாது. நஸ்ருல் அதே மௌனத்தில் மேலும் 23 ஆண்டுகள் இருந்து, 1976-ல் டாக்காவில் காலமானார்.

இதைச் சொல்வது கிரீந்திரசேகரைக் குறைத்துப் பேச அல்ல. பேச்சு வைத்தியத்துக்கு எல்லை உண்டு என்பதற்காகத்தான். மூளையில் ஏற்படும் சேதத்தை அது சரிசெய்யாது. இல்லாத குரல்கள் காதில் கேட்கும் கடுமையான மனச்சிதைவு நோய்க்கு மருந்துதான் முதலில் வேண்டும். அதற்கான முதல் நல்ல மருந்து பிரான்சில் பயனுக்கு வந்ததே 1952-ல்தான். மருந்து நோயாளியை நிலைப்படுத்திய பிறகு பேச்சும் கைகொடுக்கிறது. பயம், மனச்சோர்வு, திரும்பத் திரும்ப வரும் சந்தேகம், நேசித்தவரை இழந்த துக்கம் ஆகியவற்றில்தான் பேச்சுக்கு அதிக வேலை.

வியன்னாவில் வெளியான அந்த முடிவைக் கேட்கக் கிரீந்திரசேகர் இல்லை. அதே ஆண்டு ஜூன் 3-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். வயது 66.

அவருக்குப் பின்

கிரீந்திரசேகர் வீட்டு நாற்காலியில் சாய்ந்து வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. அது நேரமும் வசதியும் உள்ளவர்களுக்குத்தான் கட்டும். சொல்லப்போனால், இந்த முறையின் பெரிய குறையே அதுதான். தினக்கூலிக்காரர் ஒரு மணி நேரம் வேலையை விட்டால் அன்றைய அடுப்பு என்ன ஆவது?

பின்னால் வந்தவர்கள் சிகிச்சையைச் சுருக்கினார்கள். குழந்தைப் பருவம்வரை தோண்டாமல், இன்றைய சிக்கலை எடுத்துக்கொண்டு, நினைப்பையும் நடவடிக்கையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் முறைகள் வந்தன.

கோவாவில் நடந்த ஒரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களோடு பேசியவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். 6 முதல் 8 முறை உட்கார்ந்து பேசினார்கள். விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளையும் பழக்கங்களையும் மறுபடி தொடங்கச் செய்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. மூன்று மாதத்தில், இந்தப் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 64 பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 39 பேர்தான் மீண்டார்கள்.

அதே 2017-ல் வந்த மனநலச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை. எந்த மாநிலத்திலிருந்து கூப்பிட்டாலும் மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தமிழும் உண்டு. எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. நமக்கு இல்லாவிட்டாலும் அறையில் கூட இருப்பவருக்கு வேண்டியிருக்கலாம்.

மூன்று படுக்கையோடு தொடங்கிய லும்பினி பார்க் பிற்பாடு மேற்கு வங்க அரசின் ஆஸ்பத்திரி ஆயிற்று. கிரீந்திரசேகர் தொடங்கிய சங்கத்துக்கு விலாசம் மாறவில்லை. பார்சி பகான் சந்து, 14-ம் நம்பர்.